படத்தில் இல்லாத ஜீப்புகள்

எங்களிடம் ஒரு படம் இருக்கிறது. பாறை மேல் ஒரு சிறுத்தை. காலை வெயில் அதன் முதுகில் விழுகிறது. பின்னால் பச்சையெல்லாம் கரைந்து மங்கலாக நிற்கிறது. தலையைக் கொஞ்சம் திருப்பி நேரே கமெராவைப் பார்க்கிறது. போட்ட அன்றைக்கே நானூறுக்கு மேல் லைக். "செம மச்சான்", "நஷனல் ஜியோகிராபிக்குக்கு அனுப்பு", "தனியாப் போனீங்களோ?" என்றெல்லாம் கொமெண்ட். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டோம். தனியாகப் போகவில்லை என்று ஒருவருக்கும் பதில் எழுதவில்லை.

அந்தப் பாறையைச் சுற்றி அந்த நேரம் 43 ஜீப்புகள் நின்றன. நாங்கள் எண்ணியது 43. வளைவுக்கு அங்கால நின்றவை கணக்கில் இல்லை. எங்கள் படத்தில் அதில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஜீப்புகளைப் பற்றியது. அதில் ஒன்றில் நாங்களும் ஏறி நின்றோம் என்பதால் இதை எழுத எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறோம். உரிமை இல்லாவிட்டாலும் கடமை இருக்கிறது.

இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்த கையோடு ஆறு பேர் வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று மூன்று பக்கத்துப் பிள்ளைகள். ஒருத்தனின் அண்ணா வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்த கமெரா, வாடகைக்கு எடுத்த ஒரு நீட்டு லென்ஸ், மிச்சமெல்லாம் போன். "புலி பாக்கப் போறம்" என்று ஒருத்தன் வீட்டுக்குப் போனில் சொல்ல, "வாயை மூடு, சிறுத்தை எண்டு சொல்லு" என்று அவன்ட அம்மா பதறினாவாம். நாங்கள் சிரித்தோம்.

அந்தப் பதற்றம் சும்மா வந்ததில்லை. இந்தத் தீவில் இன்றைக்குக் காட்டுப்புலி கிடையாது. பல்லாயிரம் வருடத்துக்கு முந்திய புலி எலும்புகள் இரத்தினபுரிப் பக்கம் கிடைத்திருக்கின்றன, அவ்வளவுதான். இருப்பது சிறுத்தை. அதன் விஞ்ஞானப் பெயரின் கடைசித் துண்டு 'கொட்டியா' என்ற சிங்களச் சொல். அதே சொல்லால்தான் ஒரு காலத்தில் எங்கள் மாமன்மாரையும் அண்ணன்மாரையும் சோதனைச் சாவடிகளில் கூப்பிட்டார்கள். யாலவுக்குள் எங்கள் ஜீப் சாரதியின் போன் அடித்ததும் அவர் திரும்பிப் பார்த்துக் கத்தியதும் அதே சொல்தான். "கொட்டியா!" அந்த நேரம் அந்தச் சொல்லில் எங்களுக்குச் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

அன்று காலை நடந்தது

பலட்டுபான வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நாங்கள் ஐந்தரைக்கே போய்விட்டோம். அப்பவே முன்னுக்கு நீண்ட வரிசை. டிக்கெட் எடுத்து உள்ளே விட்டதும் ஜீப்புகள் ஓடின ஓட்டம் இருக்கிறதே, பஸ் தவறவிடப் போகிறவன்கூட அப்படி ஓட மாட்டான். பூங்காவுக்குள் மணிக்கு 25 கிலோமீற்றர்தான் வேகக் கட்டுப்பாடு. அதைச் சொல்லும் பலகையைத் தூசுக்குள்ளால் பார்த்தோம்.

முதல் ஒரு மணித்தியாலம் மான், மயில், எருமை, முதலை, ஒரு யானைக் குடும்பம். உண்மையைச் சொன்னால் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பக்கத்தால் போகிற ஒவ்வொரு ஜீப்பும் நிறுத்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டது. எங்கள் சாரதியும் அதையேதான் கேட்டார். பிறகு போன் அடித்தது. அதுக்குப் பிறகு நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டோம்.

போய்ச் சேரும்போது பாதை அடைத்துக் கிடந்தது. முன்னுக்குப் போக வழியில்லை, பின்னுக்கு எடுக்கவும் வழியில்லை. எஞ்சின் சத்தம், டீசல் மணம், ஒருவரை ஒருவர் திட்டும் சத்தம். சிறுத்தை பாறையில் இருந்தது. வளர்ந்து முடியாத இளசு. பத்து நிமிடம் போல் இருந்துவிட்டு எழும்பி இறங்கியது. பாதையைக் கடந்து மறுபக்கப் பற்றைக்குள் போவதுதான் அதன் எண்ணம் என்று எங்களுக்கே விளங்கியது. இரண்டு தரம் வந்தது. இரண்டு தரமும் அது வந்த பக்கமாகவே ஜீப்புகள் நகர்ந்தன. மூன்றாந்தரம் வரவில்லை. திரும்பிப் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. எங்கள் அழகான படம் அது முதல்தரம் தயங்கி நின்று பார்த்த நேரத்தில் எடுத்தது. கமெராவைப் பார்க்கிறது என்று நாங்கள் நினைத்த பார்வை, போக வழி தேடுகிற பார்வை.

இதைக்கூட நாங்கள் அன்று உணரவில்லை. கம்பஸுக்குத் திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகுதான், ஒருத்தி தன் போனில் தவறுதலாக ஓடிக்கொண்டே இருந்த ஒரு வீடியோவைக் கண்டெடுத்தாள். பாதி நேரம் எங்கள் கால்களும் ஜீப்பின் தரையும்தான் தெரிகின்றன. ஆனால் குரல் தெளிவாகக் கேட்கிறது. "அய்யே, தவ டிக்கக் இஸ்ஸரஹட்ட" என்று அரைகுறைச் சிங்களத்தில் ஒரு குரல். இன்னும் கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ அண்ணே. அது எங்கள் குரல். ஒரு தரமில்லை, ஐந்து தரம்.

இவ்வளவு நாளும் "அந்த சாரதிமார் சரியில்லை" என்று சொல்லித் திரிந்த ஆட்கள் நாங்கள்தான்.

படம் எதை வெட்டுகிறது

காட்டு விலங்குப் படத்துக்கு ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது: மனுசர் தெரியக் கூடாது. வாகனம், பாதை, வேலி, இன்னொருவரின் லென்ஸ், ஒன்றும் தெரியக் கூடாது. நீட்டு லென்ஸ் அந்த வேலையைச் சுலபமாகச் செய்து கொடுக்கிறது. விலங்கை மட்டும் கூர்மையாக எடுத்து, சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் மங்கலாக்கி விடும். மிச்சத்தை போனில் வெட்டி எறியலாம். கடைசியில் வருகிறது ஒரு கன்னிக் காடும் ஒரு தனி விலங்கும். அந்தப் படத்தைப் பார்த்தவன் "நானும் இப்படி ஒன்று எடுக்க வேணும்" என்று யால போகிறான். 44ஆவது ஜீப்பை அனுப்பி வைப்பது எங்கள் படம்தான்.

அதனால்தான் இதைப் பொய் என்று சொல்கிறோம். சிறுத்தை உண்மை, வெயில் உண்மை, பாறை உண்மை. தனிமை பொய். அந்தப் பொய்தான் படத்தின் விலை.

துவக்கும் கமெராவும் ஒன்று என்று சொன்னால் உடனே "ஆர்ட்ஸ் பக்கல்டிக் கதை" என்பீர்கள். சூசன் சொன்ராக் 1977 இலேயே தன் புகைப்படம் பற்றிய புத்தகத்தில் சஃபாரியில் துவக்கின் இடத்தைக் கமெரா பிடித்ததைப் பற்றி எழுதிவிட்டார். நாங்கள் அதை ரியூட்டோரியலில் எழுதிப் புள்ளியும் வாங்கிவிட்டோம். ஆனால் யாலவைப் பொறுத்தவரை அது உவமையில்லை, வரலாறு. யால 1900 இல் வெள்ளைக்காரர் ஒதுக்கிய காடு, அந்தக் காலத்தில் அதன் ஒரு பக்கம் வேட்டைக்கென்றே விடப்பட்டிருந்தது. 1938 இல்தான் தேசிய பூங்கா ஆனது. அந்தக் காலத்து வேட்டைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள்: செத்த சிறுத்தை, பக்கத்தில் துவக்கோடு துரை. சுமந்து வந்த, தடம் காட்டிய உள்ளூர்க்காரன் படத்தின் ஓரத்தில் நிற்பான், அல்லது நிற்கவே மாட்டான். இப்போது விலங்கு சாகவில்லை. அது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் "நான் போனேன், கண்டேன், இந்தா அத்தாட்சி" என்ற அந்த ஆசை அப்படியே இருக்கிறது. தடம் காட்டியவன் இப்போதும் படத்தில் இல்லை.

எங்களுக்கு வரும் பதில்கள்

இதைப் பேசத் தொடங்கியதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே சண்டை வந்தது. வந்த பதில்களை ஒவ்வொன்றாக எடுப்போம். எல்லாம் முட்டாள்தனமான பதில்கள் இல்லை.

முதலாவது: படம் எடுப்பதால்தான் பாதுகாப்பு வருகிறது, மக்கள் படத்தைப் பார்த்துத்தான் விலங்கை நேசிக்கிறார்கள். இதில் பாதி உண்மை. சிறுத்தையின் புள்ளிகளும் புலியின் வரிகளும் எங்கள் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. படத்தை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கமெராக்களைக் கட்டினார்கள். மூன்றரைக் கோடிக்குக் கிட்டவான படங்கள் விழுந்தன. அதில் புலி இருந்தவை 76,651 மட்டும். அந்தப் படங்களுக்கு லைக் இல்லை. பல படங்களில் வால் மட்டும் இருக்கும், அல்லது பாதி முதுகு. மரத்தில் கட்டிய ஒரு பெட்டி, எஞ்சின் இல்லை, டீசல் இல்லை, "முன்னுக்கு எடுங்கோ" என்று கத்த ஆளில்லை. ஆகவே விலங்குக்கு உதவுகிற படம் உண்டு. எங்கள் படம் அந்தச் சாதி இல்லை. யாலவில் ஆண்டுக்கணக்காகப் பொறுமையாகப் போய், ஒவ்வொரு சிறுத்தையையும் புள்ளி பார்த்து அடையாளப்படுத்திப் பதிவு வைக்கிற படப்பிடிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அவர்களைக் காட்டி நாங்கள் தப்ப ஏலாது. ஒரு நாள் போய் ஒரு ஸ்டோரி போட்ட நாங்கள் எந்தப் பதிவேட்டுக்கு என்ன கொடுத்தோம்?

இரண்டாவது: சாரதிமாரின் வயிற்றில் அடிக்கிறீர்கள். இல்லை. எங்கள் சாரதி திஸ்ஸமகாராமக்காரர். திரும்பி வரும் வழியில் அவரே சொன்னார், ஜீப்புக்கு மாதா மாதம் லீசிங் கட்ட வேணும், சிறுத்தை காட்டினால் ரிப்ஸ் வரும், காட்டாவிட்டால் வராது, சில ஆட்கள் இணையத்தில் குறைவான நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள், அடுத்த கிழமை ஓட்டம் குறையும் என்று. அவர் வேகமாக ஓடியது எங்களுக்காக. ஒரு விலங்கு வருமா வராதா என்பதில் ஒரு மனுசனின் மாதச் செலவைக் கட்டித் தொங்கவிட்டது நாங்கள்தான், வாடிக்கையாளர்கள். சிறுத்தை காட்டினதுக்கு நாங்கள் கூடக் காசு கொடுத்தோம். கைகொடுத்து நன்றி சொன்னோம். அந்த வேகத்துக்குக் கொடுத்த சம்பளம் அது. அதே காசை மெதுவாக ஓடினதுக்கும் தூரத்தில் நிறுத்தினதுக்கும் கொடுத்தால் அவர் வயிறும் நிறையும்.

மூன்றாவது: இங்கே சட்டம் சரியில்லை, இந்தியாவில் பாருங்கோ எவ்வளவு ஒழுங்கு. அங்கே எங்களைவிட ஒழுங்கு இருப்பது உண்மை. புலிக் காப்பகங்களில் வலயம் வலயமாகப் பிரித்து, காலை மாலை என்று நேரம் பிரித்து, ஒரு வேளைக்கு இத்தனை வாகனம் என்று எண்ணிக்கை வைத்து, வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. விலங்கில் இருந்து 20 மீற்றராவது தள்ளி நிற்க வேணும் என்று தேசியப் புலிப் பாதுகாப்பு அதிகாரசபை 2012 இலேயே வழிகாட்டல் எழுதி வைத்தது. சரி. 2024 டிசம்பர் 31ஆம் திகதி மகாராஷ்டிராவின் உம்ரெட்-பவ்னி-கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் என்ன நடந்தது? ஒரு பெண்புலியும் அதன் ஐந்து குட்டிகளும் பாதையில் வர, சஃபாரி வாகனங்கள் முன்னும் பின்னும் அடைத்து நின்றன. புத்தாண்டுக்கு முதல் நாள், எல்லாருக்கும் படம் வேணும். அந்த வீடியோ பரவிய பிறகு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஒருவரும் மனுப் போடாமலே தானாக அதை வழக்காக எடுத்தது. சட்டம் இருந்தது, வழிகாட்டி இருந்தார், எண்ணிக்கை இருந்தது. ஆசைக்கு முன்னால் அதெல்லாம் ஒரு காலையில் உடைந்தது. ஆக, சட்டம் கட்டாயம் வேணும், ஆனால் சட்டம் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்வது நாங்கள் தப்பிக்கிற வழி.

எங்கள் நாட்டிலும் 2022 இல் யாலவுக்குள் சில பெரிய வீட்டுப் பிள்ளைகள் சொகுசு வாகனங்களைத் தறிகெட்டு ஓட்டின வீடியோ வந்தபோது எல்லாரும் கொதித்தோம். நாங்களும் பகிர்ந்தோம். பணக்காரத் திமிர் என்று எழுதினோம். அதில் பிழையில்லை. ஆனால் தினமும் காலையில் அதே பாதையில் சட்டப்படி டிக்கெட் எடுத்துக்கொண்டு நடக்கிற சாதாரண முற்றுகைக்கு ஒருவரும் கொதிப்பதில்லை. அதில் நாங்கள் எல்லாரும் ஏறியிருக்கிறோம் என்பதாலோ?

யாருடைய படம் அழகு, யாருடைய படம் குற்றம்

இனி எங்களுக்கு உண்மையிலேயே வலிக்கிற இடம்.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் ஒரு சிறுத்தை வந்தது. பத்துப் பேரளவில் காயப்பட்டார்கள். கடைசியில் ஊர் ஆட்கள் அதை அடித்துக் கொன்றார்கள். கொன்றதோடு நிற்காமல் செத்த விலங்கோடு படமும் எடுத்து முகநூலில் போட்டார்கள். நாடு முழுக்க அந்தப் படம் போனது. கைது நடந்தது. விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அதைக் குற்றம் என்கிறது. நாங்களும் அதைக் குற்றம் என்றே சொல்கிறோம். செத்த உடலைத் தூக்கிப் பிடித்துச் சிரித்ததை எந்தத் தமிழ்ப் பற்றும் நியாயப்படுத்தாது.

ஆனால் அந்த நாட்களில் வந்த கொமெண்டுகளை இப்போது தேடி வாசித்துப் பாருங்கோ. "காட்டுமிராண்டிகள்", "அவர்களுக்கு மிருகத்தின் அருமை எங்கே தெரியும்" என்பது தொடக்கம் எழுத முடியாத வார்த்தைகள் வரை. ஒரு ஊரின் குற்றம் ஒரு இனத்தின் குணமாகிவிட்டது. பயந்து போயிருந்த சனத்துக்கு அந்த நேரம் யார் வந்தார்கள், விலங்கை மயக்கிப் பிடித்துக்கொண்டு போக என்ன வசதி கிட்ட இருந்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

மலையகத்தில் இன்னும் மோசம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்துக் காய்கறிப் பாத்தியில் கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தார்கள். மூன்று நாளில் செத்துப்போனது. அவ்வளவு அரிய விலங்கு. எங்களுக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்தச் சுருக்குகள் சிறுத்தைக்கு வைப்பவை இல்லை, காட்டுப்பன்றிக்கு வைப்பவை. பன்றி ஏன்? பாத்தியை உழுது நாசமாக்குகிறது, பிடித்தால் வீட்டில் ஒரு நேர இறைச்சி. தோட்டச் சம்பளத்தில் இறைச்சிக்கடைக்குப் போய் வந்தவர்களுக்கு இது விளங்கும். அதற்காகச் சுருக்கு சரியென்று ஆகாது. சுருக்கு ஒழிய வேணும். ஆனால் சுருக்கை மட்டும் பேசி, சுருக்கு வைத்தவன்ட சமையற்கட்டைப் பேசாத சூழலியல் எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் ஆறு பேரில் ஹற்றன்காரி ஒருத்தி இருக்கிறாள். யாலவில் எல்லாரும் குதிக்கும்போது அவள் குதிக்கவில்லை. பிறகு கேட்டபோது சொன்னாள்: "எங்க லயத்துக்குப் பின்னாடி சிறுத்தை வரும். ரெண்டு தடவ எங்க நாயைத் தூக்கிட்டுப் போயிருக்கு. அம்மா கொழுந்து எடுக்கப் போறப்ப மலையில கண்டிருக்காங்க. போன் எடுக்கல. எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டுட்டு, அது போற வரைக்கும் நின்னுட்டு, பிறகு வேலையப் பாத்தாங்க. அதுக்கு யாரும் லைக் போடல." 

சிறுத்தையோடு ஒரே மலையில் வாழ்ந்து, அதைக் கொல்லாமல் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வருகிற அந்தப் பெண்களை நாங்கள் ஒரு நாளும் பாதுகாவலர் என்று அழைத்ததில்லை. அரைநாள் ஜீப்பில் போய் அதன் பாதையை மறித்து ஒரு படம் எடுத்த எங்களை "வைல்ட்லைஃப் லவர்" என்று அழைத்தார்கள். நாங்களும் பயோவில் போட்டுக்கொண்டோம். இந்த நாட்டில் முதிர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு. அதில் ஒரு பகுதி பூங்காக்களுக்கு வெளியே, தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே வாழ்கிறது. அவை தப்புவதும் சாவதும் எங்கள் லென்ஸில் இல்லை, அந்த லயத்து ஆட்களின் பொறுமையில் இருக்கிறது. அந்தப் பொறுமைக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம்? வெளிச்சம் உள்ள பாதையா? ஒழுங்கான கதவா? நாயை, மாட்டை இழந்தவர்களுக்கு நேரத்துக்கு நட்டஈடா? இதைக் கேட்காத சிறுத்தைப் பாசம் வெறும் வால்பேப்பர் பாசம்.

சரி, என்ன செய்வது

"அப்ப காட்டுக்கே போகக் கூடாதோ?" என்று கேட்பீர்கள். போங்கோ. காட்டைக் காணாத தலைமுறை காட்டுக்காகச் சண்டை பிடிக்காது. ஆனால் எப்படிப் போவது என்று எங்களுக்குள் சில முடிவு எடுத்திருக்கிறோம். உங்களிடமும் அதைக் கேட்கிறோம்.

ஜீப் ஏற முதலே சாரதியிடம் சொல்லிவிடுங்கோ: சிறுத்தை காட்டாவிட்டாலும் இதே காசு, இதே ரிப்ஸ், வேகம் வேண்டாம். அந்த ஒரு வசனம் அவரின் காலை பிரேக்குக்குக் கொண்டுவரும். கூட்டமாக ஜீப்புகள் நிற்கிற இடத்தைக் கண்டால் போகாதீர்கள். தற்செயலாக நீங்களே முதலில் கண்டால் எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இடம் விடுங்கோ. விலங்கு நடக்கிற திசையில் ஜீப்பை நகர்த்தச் சொல்லவே சொல்லாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் அன்றைக்கே பதிவில் போடாதீர்கள்.

படம் போட்டால் அகலமான படத்தையும் சேர்த்துப் போடுங்கோ. ஜீப்புகளோடு, தூசோடு, எங்கள் முகங்களோடு. பல்கலைக்கழகங்களில் படப் போட்டி நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காட்டு விலங்குப் படம் அனுப்புகிறவரிடம் அந்த இடத்தில் எத்தனை வாகனம் நின்றது என்று கேளுங்கோ. பதில் சொல்ல வெட்கப்படுகிற படத்துக்குப் பரிசு வேண்டாம்.

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் அரசிடமும் கேட்க வேண்டியவை தனி. யாலவின் முதலாம் வலயத்துக்கு ஒரு வேளைக்கு இத்தனை ஜீப் என்று உண்மையான எல்லை வேணும். ஒவ்வொரு ஜீப்புக்கும் பயிற்சி பெற்ற ஒரு வழிகாட்டி வேணும். அவருக்குப் பாதியில் இறக்கிவிட முடியாத அதிகாரமும் சம்பளமும் வேணும். சாரதிமாருக்கு ஓட்டம் முறைப்படி பங்கிடப்பட வேணும், அப்போதுதான் ஒருவரை ஒருவர் முந்த ஓட மாட்டார்கள். டிக்கெட்டில் வருகிற காசில் ஒரு பங்கு பூங்காவுக்கு வெளியே சிறுத்தையோடு வாழ்கிற ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் போக வேணும். ஓகஸ்ட் முதலாம் திகதியை இலங்கைச் சிறுத்தை தினம் என்று கொண்டாடுகிறோம். அந்த நாளில் போஸ்டர் அடிப்பதைவிட இந்தக் கணக்கைக் காட்டுவது நல்லது.

கடைசியாக ஒன்று. எங்களில் ஒருத்தனின் அம்மம்மா மட்டக்களப்பில் இருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போனவ. ஒரு தரமில்லை, ஏழு தரம். உகந்தையில் கும்பிட்டு, குமணைக்குள்ளால், யாலக் காட்டுக்குள்ளால் நாட்கணக்காக நடை. எங்கள் ஜீப் ஓடின அதே பெரிய காட்டின் இன்னொரு பக்கம். படத்தைக் காட்டி, "அம்மம்மா, நீங்கள் நடந்த காட்டில இதைக் கண்டனீங்களோ?" என்று கேட்டான். அவ போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாவாம்: "காலடியைக் கண்டிருக்கிறன். ஆளைக் காணேல்ல. அது எங்களைக் கண்டிருக்கும். நாங்கள் அரோகரா சொல்லிப்போட்டு நடந்தம், அது அதின்ர பாட்டில போயிருக்கும்."

டிசம்பரில் மறுபடியும் ஒரு பயணம் பற்றி வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. இரண்டு பேருக்கு யால, இரண்டு பேருக்கு வில்பத்து, ஹற்றன்காரி "எங்க வீட்டுக்கு வாங்க, கொசு மட்டும்தான் கடிக்கும்" என்கிறாள். எங்கே போனாலும் லென்ஸ் வாடகைக்கு எடுப்பதில்லை என்று மட்டும் ஆறு பேரும் ஒத்துக்கொண்டுவிட்டோம். பழைய படத்தை நாங்கள் அழிக்கவில்லை. அதுக்குக் கீழே அந்தத் தவறின வீடியோவைச் சேர்த்துப் போட்டிருக்கிறோம், எங்கள் குரலோடு. இதுவரை 31 லைக்.